பிசின் கொடுத்தவர்

பெத்தகுண்டு பெண்டா, நல்லமலை
12 ஜூலை 1998

மகள் குருவம்மாவுக்கு அப்பா ஈதய்யா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் நாயும் சுகம். குண்டூரில் நீ சுகமா? விடுதிச் சோறு ஒத்துக்கொள்கிறதா?

இது நான் எழுதும் முதல் கடிதம். வேறு யாரும் கை வைக்கவில்லை. மூன்று நாளாக எழுதுகிறேன். புளியமரத்தடி முதியோர் வகுப்பு வாத்தியாரம்மா, "குடுங்க தாத்தா, பிழை பாத்துத் தர்றேன்" என்றார். கொடுக்கவில்லை. என் மகளுக்கு எழுதுவதை அவர் ஏன் பார்க்கவேண்டும்? உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறாள். "அரிசியில கல்லு பொறுக்குற மாதிரி ஒவ்வொரு எழுத்தா பொறுக்கி வைக்கிறியே, இந்தப் போத்தம்மா செத்தப்புறம்தான் கடுதாசி முடியுமா?" என்கிறாள். அவளும் அதே வகுப்புக்குத்தான் வருகிறாள். இன்னும் பாதி எழுத்து தாண்டவில்லை. அந்தப் பொறாமை.

உகாதிக்கு வந்தபோது உன் ஆராய்ச்சிக்குத் தபசிப் பிசின் வேண்டும் என்று கேட்டாயே, இத்துடன் ஒரு படி அனுப்புகிறேன். தட்டுப்பாறை மேல் நிற்கும் நம் மரத்தில் எடுத்தது. நான்கு நாள் பாறை வெயிலில் காயவைத்தேன். கொஞ்சம் தேன் நிறமாக இருக்கும். அந்த மரத்துப் பிசின் அப்படித்தான்.

இன்னொரு செய்தி. பிசின் எடுப்பவர்கள் சங்கத்துக்கு என்னைத் தலைவர் ஆக்கிவிட்டார்கள். கிழவர்களில் கைநாட்டு வைக்காதவன் நான் ஒருவன்தான். பிசின் வாங்கும் கிடங்குச் சுவரில் சங்கத்தின் நான்கு விதிகளையும் என் கையால்தான் எழுதினேன். மரத்தை ஆழமாக வெட்டக்கூடாது. கீறிய மரத்துக்கு ஓய்வு கொடுக்கவேண்டும். பட்டை கலக்கக்கூடாது. பிசினை நெருப்பில் காட்டக்கூடாது. நான்காவது விதிக்கு இடம் போதாமல் எழுத்து குறுகிவிட்டது. மற்றது எல்லாம் பெரிது பெரிதாக நன்றாக வந்திருக்கிறது.

நம் குலத்துப் பெண்ணைக் கட்டிய மருமகன் மல்லன்னா சாமி, ஸ்ரீசைலத்தில் உட்கார்ந்திருக்கிறவர், உன்னைப் பார்த்துக்கொள்வார்.

அப்பா


குண்டூர்
20 செப்டம்பர் 1998

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் குருவம்மா வணக்கம்.

நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மழையில் பாறை வழுக்கும், பார்த்து நடங்கள் அப்பா.

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. படித்து முடித்ததும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

என்ன ஆராய்ச்சி என்று உகாதியில் அம்மா கேட்டாள். அன்று சரியாகச் சொல்லவில்லை. வலிப்புக்கு ஒரு மருந்து இருக்கிறது. நல்ல மருந்து. ஆனால் தண்ணீரில் கரையாது. போட்டால் மணல் மாதிரி அடியில் உட்காரும். வயிற்றுக்குள்ளும் அப்படித்தான். பாதி ரத்தத்தில் சேரும், பாதி வீணாக வெளியே போகும். அந்த மருந்தை ஏதாவது பிசினோடு சேர்த்து அரைத்தால், பிசின் தண்ணீரைத் தன்பக்கம் இழுத்து மருந்துத் தூளை நன்றாக நனைக்கும். நனைந்தால் கரையும். எந்தப் பிசின், எவ்வளவு, எப்படி அரைப்பது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

இப்போது சந்தோஷச் செய்தி. மருந்தைத் தனியாகப் போட்டால் அரை மணி நேரத்தில் நூற்றில் முப்பது பங்கு கரைகிறது. கடையில் வாங்கிய பிசினோடு போட்டால் அதைவிடக் குறைவு. உங்கள் பிசினோடு போட்டேன், எண்பத்திரண்டு! ஆறு முறை செய்து பார்த்தேன். எங்கள் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

அனுப்பிய பிசின் தீர்ந்துவிட்டது. அதே மரத்திலிருந்து இன்னும் ஒரு படி வேண்டும் அப்பா. புதுப் பிசினிலும் இதே அளவு வந்தால் என் பட்டம் உறுதி.

உங்கள் மகள்
குருவம்மா


பெத்தகுண்டு பெண்டா
25 அக்டோபர் 1998

மகள் குருவம்மாவுக்கு அப்பா எழுதுவது. இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் மழைக்கு முனகியது. வெயில் வந்ததும் வாயை மூடிக்கொண்டது.

எண்பத்திரண்டு! வகுப்பில் எல்லாருக்கும் சொன்னேன். கொண்டன்னாவைத் தெரியுமே, சங்கத்தில் எனக்கு எதிராக நின்று தோற்றவன். அவன், "மாமா, நூத்துக்கு எண்பத்திரண்டுதானா? மிச்சப் பதினெட்டு எங்க போச்சு? உன் மக கணக்குல வீக்கா?" என்றான். "உன் மண்டைக்குள்ள போச்சு, அங்கதான் எதுவும் கரைய மாட்டேங்குது" என்றேன். வாத்தியாரம்மா கூடச் சிரித்தார்.

மழை நின்றது. தட்டுப்பாறை மரத்தில் புதிதாகக் கீறினேன். நான்காம் நாள் பிசின் இறங்கியிருந்தது. கீறலில் வரும் முதல் பிசின் நம் வீட்டில் மகளுக்குத்தான், கிடங்குக்குப் போகாது. அதைத்தான் அனுப்புகிறேன். இந்த முறை பார், பால் மாதிரி வெள்ளை. பாறையில் ஆறு நாள் காயவைத்து, அம்மா ஒவ்வொரு துண்டாக உரசிச் சுத்தம் செய்தாள். இது அதைவிட நல்ல பிசின். நூற்றுக்கு நூறு வரும்.

மல்லன்னா துணை.

அப்பா


குண்டூர்
5 டிசம்பர் 1998

அன்புள்ள அப்பாவுக்கு குருவம்மா வணக்கம். சுகம். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். அம்மாவைப் போர்த்திக்கொண்டு படுக்கச் சொல்லுங்கள்.

பிசின் கிடைத்தது. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு சின்னத் தடங்கல். தண்ணீரில் போட்டதும் இது கூழ் மாதிரி இறுகிவிடுகிறது. மருந்துத் தூள் கூழுக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறது. அரை மணியில் இருபத்தெட்டுதான் வந்தது. முதலில் வந்த பிசின் இப்படிக் கெட்டியாகவே இல்லை.

இது அதே மரம்தானா அப்பா? வேறு மரத்துப் பிசின் ஏதாவது தெரியாமல் கலந்திருக்குமா? கோபப்படாதீர்கள். எழுதி வைக்கவேண்டியிருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

குருவம்மா


பெத்தகுண்டு பெண்டா
2 ஜனவரி 1999

மகள் குருவம்மாவுக்கு அப்பா எழுதுவது. இருவரும் சுகம். நீ இளைத்துப் போயிருக்கிறாய் என்று உன் அம்மா சொல்கிறாள். எப்படித் தெரியும் என்றேன். கடிதம் சின்னதாக இருக்கிறதாம்.

அதே மரம்தான். அடுத்தவன் மரத்தில் நாம் கை வைப்பதில்லை, உனக்குத் தெரியும். இதில் ஒரு பொய்யும் இல்லை.

நான் யோசித்தேன். இன்னும் நல்ல பிசினாக அனுப்பினால் சரியாகிவிடும். இந்த முறை கண்ணீர்த் துளி மாதிரி இருப்பதை மட்டும் எடுத்திருக்கிறேன். கிடங்கு ஐயா கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஈதய்யா, இந்த மாதிரி சரக்கு பத்து வருசத்துல பாத்ததில்ல, இதப் போயி அரைக்கறதுக்கா அனுப்புற?" என்றார். எட்டு நாள் காயவைத்தது. அம்மா துணியில் முடிந்து தந்தாள்.

இதில் கட்டாயம் வரும்.

வாத்தியாரம்மா எனக்குக் கூட்டெழுத்து எல்லாம் முடிந்துவிட்டது என்றார். மல்லன்னா துணை.

அப்பா


குண்டூர்
10 பிப்ரவரி 1999

அப்பாவுக்கு. பிசின் வந்தது. சுகம். வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

குருவம்மா


பெத்தகுண்டு பெண்டா
28 மார்ச் 1999

மகள் குருவம்மாவுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

ஆறு வாரம் ஆயிற்று. தபால்காரர் புதன்கிழமை சோதனைச் சாவடி டீக்கடையில் கடிதங்களைக் கொடுத்துவிட்டுப் போவார். ஆறு புதனும் போனேன். டீக்கடைக்காரன், "பெருசு, உன் மகளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, உன்ன மறந்துட்டாளா?" என்கிறான். அவனிடம் சிரித்தேன்.

கண்ணீர்த் துளிப் பிசின் என்ன ஆயிற்று என்று நீ சொல்லவில்லை. உகாதிக்கும் நீ வரவில்லை. அம்மா வேப்பம்பூப் பச்சடி செய்து உனக்கென்று ஒரு கிண்ணம் மூடிவைத்தாள். மறுநாள் நாய் தின்றது.

என்ன ஆனாலும் எழுது. மோசமானதாக இருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியும்.

அப்பா


குண்டூர்
6 ஏப்ரல் 1999

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் குருவம்மா வணக்கம். உடம்பு சுகம்தான். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மறைத்தது தப்பு. சொல்லிவிடுகிறேன். கண்ணீர்த் துளிப் பிசினில் இருபத்தைந்து வந்தது. நீங்கள் நல்ல பிசினாக அனுப்ப அனுப்ப அளவு இறங்குகிறது. பேராசிரியர் தானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அவருக்கும் அதுதான் வந்தது. பிறகு என் பழைய நோட்டைக் கேட்டார். எண்பத்திரண்டு எழுதியிருந்த பக்கத்தில் விரலை வைத்து, "இந்த அளவு இந்த ரூம்ல வந்ததா, இல்ல உங்க மனசுல வந்ததா?" என்றார். அறையில் நான்கு பேர் இருந்தார்கள்.

அன்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்ததை அவர் மறந்துவிட்டார் என்று இல்லை. நான் முதல் பிசினில் வேறு ஏதோ பொடி கலந்து அவரை ஏமாற்றினேன் என்று நினைக்கிறார். முதல் பிசின் ஒரு துளிகூட மிச்சமில்லை. நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. முப்பதாம் தேதி மூன்று பேராசிரியர்கள் உட்கார்ந்து விசாரிக்கிறார்கள். பொய் அளவு எழுதினேன் என்று முடிவானால் படிப்பு அதோடு சரி. வேறு கல்லூரியிலும் சேர்க்கமாட்டார்கள்.

உங்களை ஒன்றே ஒன்று கேட்கிறேன் அப்பா. மரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. மரத்திலிருந்து எடுத்த பிறகு அந்த முதல் பிசினுக்கு என்ன நடந்தது?

குருவம்மா


பெத்தகுண்டு பெண்டா
14 ஏப்ரல் 1999

மகள் குருவம்மாவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் சுகம். நீ தைரியமாக இரு.

முதல் பிசினை நான் நெருப்பில் வறுத்தேன்.

நீ கேட்டிருந்த பிசினை ஜூன் கடைசியில் எடுக்கப் போனேன். அதற்கு முன் காய்ந்தது எல்லாம் கிடங்குக்குப் போய்விட்டது. எடுத்துக்கொண்டு இறங்கும்போது மழை பிடித்தது. கூடையோடு நனைந்தது. நனைந்த பிசின் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்து நாறும். வெயில் இல்லை. முன்பெல்லாம் மழையில் மாட்டிய பிசினை எல்லாரும் வறுத்துத்தான் கிடங்கு ஐயாவை ஏமாற்றுவோம். வறுத்தால் பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் கெட்டித்தன்மை செத்துவிடும். அதனால்தான் அந்த விதியே போட்டார்கள். நான் சுவரில் விதி எழுதியது செவ்வாய்க்கிழமை. வறுத்தது வியாழக்கிழமை. மகள் முதல்முறையாக ஒன்று கேட்டிருக்கிறாள், இல்லை என்று எப்படிச் சொல்வது என்றுதான் நினைத்தேன். பிறகு வெயிலில் காய்ந்தது என்று எழுதிவிட்டேன்.

நீ தடங்கல் என்று எழுதியபோதே எனக்கு உறுத்தியது. வறுத்தது கெட்ட பிசின், கெட்ட பிசினால் உனக்கு நல்லது வந்திருக்காது என்று நானே என்னிடம் சொல்லிக்கொண்டேன். உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அடுப்பைவிட்டு எழுந்து வந்தாள்.

"வாயால சொன்ன பொய்யின்னா காத்தோட போயிருக்கும். நீ எழுதியில்ல அனுப்பிச்சிருக்க? அது அவ பெட்டியில பூட்டிக் கெடக்கு. இன்னும் என்னய்யா யோசன, எடு பேனாவ" என்றாள்.

நீ கேட்பாய் என்று எல்லாம் எழுதுகிறேன். இரும்புச் சட்டி. அடியில் எரியும் கட்டை வேண்டாம், தணல் மட்டும். பிசினை அவரைக் கொட்டை அளவு உடைத்துப் போட்டேன். சட்டி ஓரத்தில் தண்ணீர் சொட்டு விட்டால் சுர்ரென்று போகவேண்டும். அதே இடத்தில் நான்கு சோளமணி போட்டால் பொரியக்கூடாது, சிவந்தால் போதும். பொரிந்தால் தணலை இழுத்துவிடுவேன். நிறுத்தாமல் கிளறினேன். எவ்வளவு நேரம் என்று அம்மாவைக் கேட்டேன். அன்று அவள் மழையில் ஊற்றுக்கு இரண்டு நடை போய்வந்தாள். நேற்று வாத்தியாரம்மாவின் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அதே இரண்டு நடை போய்வந்தாள். இரண்டு மணியும் ஐந்து நிமிடமும். "கடியாரம் கட்டினா கால் வலிக்கல, இத எனக்கே வாங்கிக் குடு" என்கிறாள்.

உன் பேராசிரியருக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அனுப்பும் முன் அதைச் சங்கத்தில் படிக்கவேண்டும் என்று தோன்றியது. தலைவன் அவர்களுக்குத் தெரியாமல் இப்படி ஒரு தாள் அனுப்பக்கூடாது. கிடங்கு வாசலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நின்று படித்தேன்.

கொண்டன்னாதான் முதலில் வாய் திறந்தான். "மாமா, சுவத்துல எழுதினதும் நீ, சட்டியில போட்டதும் நீயா?"

"ஆமாம்பா."

"எழுதறப்ப கை நடுங்கலையா?"

"நடுங்குச்சு. எழுத்துப் பழகலன்னு நெனச்சேன்."

எல்லாரும் சிரித்தார்கள். கிடங்கு ஐயா சிரிக்கவில்லை. "இதோ பாரு ஈதய்யா, வாயால சொல்லிட்ட, போதும். அந்தப் பேப்பரு வெளிய போனா இந்தப் பெண்டா ஊருப் பிசினுக்கே கெட்ட பேரு. கிழிச்சுப் போடு" என்றார். நான் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது கொண்டன்னாவே எழுந்தான். "அய்யா, இவரு மகள அங்க திருடின்னு சொல்றாங்களாம். நம்ம பேருக்குப் பயந்து அந்தப் புள்ளயத் திருடியா விட்டுர்றதா? போன மழைக்கு நான் கூடத்தான் வறுத்தேன். இன்னும் நாலு பேரு தலையக் குனிஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கானுங்க, பாருங்க. நீ அனுப்பு மாமா." உட்காரப்போனவன் மறுபடி நிமிர்ந்து, "ஆனா விதி விதிதான்" என்றான்.

விதிப்படி ஒரு பருவம் முழுக்க என் பிசினைக் கிடங்கில் எடுக்கமாட்டார்கள். அந்த நான்கு பேருக்கும் அப்படியே. கொண்டன்னாவுக்கும். தலைவர் இடத்திலிருந்து நானே இறங்கினேன். அதற்கு யாரையும் சொல்லவைக்கவில்லை.

தாளில் கையெழுத்துக்குக் கீழே நான் யார் என்று தெரியவேண்டும் அல்லவா, அதனால் 'குருவம்மாவின் அப்பா' என்று போட்டிருக்கிறேன். தபால் தாமதமாகிவிடும் என்று வாத்தியாரம்மா குண்டூர் போகிறவர் கையில் கொடுத்தனுப்புகிறார்.

மல்லன்னா துணை. முப்பதாம் தேதி அன்று நாங்கள் சோறு வைக்கமாட்டோம்.

அப்பா


குண்டூர்
9 மே 1999

அன்புள்ள அப்பாவுக்கு குருவம்மா வணக்கம். சுகம். நீங்களும் அம்மாவும் அன்று பட்டினி கிடந்தீர்களா? இனி அப்படிச் செய்யாதீர்கள்.

உங்கள் தாள் இருபதாம் தேதி வந்தது. அன்றே நீங்கள் அனுப்பிய வெள்ளைப் பிசினைப் பொடித்து அடுப்புப் பெட்டியில் வைத்தோம். தண்ணீர் சுர்ரென்று போகவேண்டும் என்றால் நூறு டிகிரிக்கு மேல். சோளம் பொரியும் சூடு எவ்வளவு என்று பேராசிரியரே சந்தையில் சோளம் வாங்கி வந்து பார்த்தார். இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு சூடாக வைத்துப் பார்த்தோம். நூற்றிருபதில், அம்மாவின் இரண்டு நடை நேரம் வைத்த பிசின் கூழாகவே இல்லை. தண்ணீரை முன்போலவே இழுக்கிறது, ஆனால் இறுகுவதில்லை. மருந்து எண்பத்துமூன்று பங்கு கரைந்தது. மூன்று பேராசிரியர்கள் முன்னால் மறுபடி செய்தேன். எண்பத்திரண்டு. கெட்டித்தன்மை செத்துவிடும் என்று எழுதினீர்களே, எங்களுக்கு வேண்டியது அதுதான் அப்பா. விசாரணையை மூடிவிட்டார்கள்.

இங்கே நிறுத்தினால் உங்களுக்கு நல்ல கடிதம். நிறுத்த முடியவில்லை.

ஆராய்ச்சி நோட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் அது எங்கிருந்து வந்தது என்று எழுதவேண்டும். 'பிசின் கொடுத்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. டிசம்பரில் அளவு குறைந்தபோது அதில் நான் எழுதியது இதுதான்: 'காட்டில் பிசின் பொறுக்கும் ஒருவர். எழுதப்படிக்கத் தெரியாதவர். கலப்படம் செய்திருக்கலாம்.' பிப்ரவரியில் பேராசிரியர், "யாரிவர், நம்பலாமா?" என்று கேட்டார். "எனக்குத் தெரியாதவர் சார்" என்றேன்.

விடுதியில் காட்டு ஜனம் என்று என்னை யாரும் எதுவும் சொன்னதில்லை. சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்குத்தான் இருந்தது. அந்தக் கட்டத்தை எழுதும்போது உங்கள் கடிதங்கள் என் பெட்டியில் இருந்தன.

உங்கள் தாளைப் பேராசிரியர் என் எதிரில் படித்தார். கையெழுத்துக்குக் கீழே இருந்ததையும் படித்தார். "இவர்தானா அவர்?" என்றார். "ஆமாம் சார்" என்றேன். தாளை மடித்து மேசையில் வைத்தார். பிறகு, "அந்தக் கட்டத்த நான் திருத்த மாட்டேன். நீங்களே எழுதிக் கொண்டாங்க" என்றார். இன்னும் எழுதவில்லை.

குருவம்மா


பெத்தகுண்டு பெண்டா
18 ஜூலை 1999

மகள் குருவம்மாவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் சுகம்.

பதில் தாமதமாகிவிட்டது. எழுத மறந்துவிடவில்லை. நான்கு தாள் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் பாதிவரைதான் படித்துக் காட்டினேன். எண்பத்திரண்டு மறுபடி வந்தது என்ற இடத்தில் கண் வலிக்கிறது என்று மடித்துவிட்டேன். அவள் ஊர் முழுக்கத் தன் இரண்டு நடையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "குண்டூர் காலேஜுல என் நடைய வச்சுத்தான் மருந்து செய்யறாங்க" என்கிறாள். அது அப்படியே இருக்கட்டும்.

இந்தப் பருவம் முழுக்கக் கிடங்குக்குப் போகும் வேலை இல்லை. கொண்டன்னாவும் நானும் தேன் எடுக்கப் போனோம். அவன் தலைவர் ஆகவேண்டியவன், என்னோடு மாட்டிக்கொண்டான். வழியெல்லாம் என்னைத் திட்டினான். அதுவும் ஒரு துணை.

நீ எழுதியதைப் பற்றிச் சொல்கிறேன். நான் சட்டியில் போட்டது பயத்தில். நீ கட்டத்தில் எழுதியதும் பயத்தில். ஒரே பிசினைப் பற்றி நாம் இருவரும் ஆளுக்கொரு பொய் எழுதியிருக்கிறோம். என்னுடையதை நான் எழுந்து நின்று படித்துவிட்டேன். உன்னுடையதில் நான் கை வைக்கமாட்டேன். என்ன எழுது என்று சொல்லவும் மாட்டேன். நான் சொல்லி நீ எழுதினால் அது என் எழுத்தாகிவிடும்.

ஒன்று மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். எனக்கு எழுதப்படிக்கத் தெரியும்.

மழை பெய்கிறது. தாள் நனைவதற்குள் மடிக்கிறேன். மல்லன்னா துணை.

அப்பா


பெத்தகுண்டு பெண்டா
3 அக்டோபர் 1999

மகள் குருவம்மாவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் மிகவும் சுகம். நீயும் சுகம் என்று தெரிந்துகொண்டேன்.

பட்டம் கிடைத்த செய்தியும் உன் ஆராய்ச்சிப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கமும் புதன்கிழமை வந்தன. டீக்கடைக்காரன் சும்மா டீ கொடுத்தான். அந்தப் பக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. கீழே நீ நம் எழுத்தில் எழுதிக்கொடுத்திருந்தாய். அங்கேயே பிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் பிரித்தேன்.

முதல் வரியில் என் பெயர் இருந்தது. அதைப் படித்தேன். பிறகு தாளை அம்மாவிடம் கொடுத்தேன். "கண்ணு சரியாத் தெரியல, நீ படி" என்றேன். "காலையில மலை மேல தேன்கூடு தெரிஞ்சுது, இப்ப தெரியலையா?" என்று கேட்டுக்கொண்டே வாங்கினாள். மழைக்காலம் முழுக்க வகுப்புக்குப் போய் அவளும் எல்லா எழுத்தும் முடித்துவிட்டாள். விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து விரல் போகும் வழியையே பார்த்தேன்.

"பிசின்... கொடுத்தவரும்... பதம் செய்தவரும்... நிம்மல ஈதய்யா. பெத்தகுண்டு பெண்டா. எழுதப்... படிக்கத்... தெரிந்தவர்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "என்... அப்பா."

தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"இவ்வளவுதானா?" என்றாள். "நீ அவளுக்கு அப்பன்னு எழுதறதுக்கு அத்தாம் பெரிய காலேஜு வேணுமா?"

"வேணும் போலிருக்கு" என்றேன்.

அப்பா